எபினேயில் ஒழுகியது, லா சப்பலில் ஒழுகவில்லை

ரேடியேட்டருக்குள் குழாய்த் தண்ணீரை விடச் சொன்னது நீங்கள். விட்டது நான். இரண்டாவதை மட்டும்தான் லா சப்பல் தமிழ்க் கடைத்தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தீர்கள். அதற்குப் பிறகு ஒருவரும் என்னிடம் வண்டிச் சாவி தரவில்லை.

2009இல் சண்டை முடிந்து, வன்னியிலிருந்து இந்தக் குளிர்நாட்டுக்கு வந்தவன் நான்; அங்கே ட்ராக்டர் ஓட்டினவன். உங்கள் பலசரக்குக் கடைக்கு டீசல் கமியோன், சாமான் லொறி, ஓட்டினேன். அது நகருக்கு வெளியே எபினேயில், வெட்டவெளியில் நிற்கும். விடியக் காலையில் எடுத்து, சாமான் ஏற்றி, லா சப்பலுக்குக் கொண்டுவருவேன்.

மூன்றாவது குளிர்காலத்தில் வண்டிக்குக் கீழே ஈரம் கண்டேன். மாலையில் நிறுத்தும்போது ஒரு மட்டைப் பெட்டியைப் பிரித்து இஞ்சினுக்குக் கீழே விரித்துவிட்டுப் போனேன். காலையில் கறை. எண்ணெய் என்றால் கறுப்பு. டீசலை மணமே சொல்லிவிடும். இது பச்சை. விரலில் வழுக்கியது, இனிப்பாக மணத்தது. ரேடியேட்டர் தண்ணீர் உறையாமல் இருக்க விடுகிற அந்திஜெல். கீழ்க் குழாயை இறுக்கும் வளையத்தின் ஓரத்தில் ஒரு துளி நின்றது. குளிரில் ரப்பர் சுருங்கும். இஞ்சின் சூடானால் விரிந்து அடைத்துக்கொள்ளும். லா சப்பலுக்கு வந்து சேரும்போது ஒரு சொட்டும் இருக்காது. நீங்கள் அங்கேதான் குனிந்து பார்த்தீர்கள்.

"எங்கையடா ஒழுகுது?"

"குளிரிலை மட்டும்தான் அண்ணை. ஒருநாள் விடிய எபினேக்கு வந்து பாருங்கோ."

"அந்தக் குளிருக்கை வந்தால் எனக்கும்தான் மூக்கு ஒழுகும்."

மறுநாள் மட்டையையே கடைக்குக் கொண்டுவந்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

"வெண்டிக்காய்ப் பெட்டிதானே. பச்சையாத்தான் இருக்கும்."

சாமான் வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் என்று தெரியாது.

குழாயை மாற்றக் கேட்டேன். அந்திஜெல்லாவது வாங்கித் தரக் கேட்டேன்.

"குறையிறதுக்குப் பைப் தண்ணியை விடு. ஊரிலை எல்லா வானும் தண்ணியிலைதானே ஓடினது."

"ஊரிலை தண்ணி உறையாது அண்ணை."

"விடு எண்டால் விடு."

விட்டேன். தினமும் விட்டேன். எனக்கு வேலை வேண்டும்.

ஒருநாள் காலை மட்டை காய்ந்து கிடந்தது. ஒழுக்கு நின்றுவிட்டது என்று நினைத்தேன். உள்ளே இருந்ததெல்லாம் உறைந்திருந்தது. ஸ்டார்ட் செய்ததும், உறைந்த தண்ணீர்ப் பம்பைச் சுற்ற முடியாமல் பெல்ட் கீச்சிட்டது. உடனே நிறுத்தினேன். மத்தியானம் வெயில் பட்டு இளகியபோது, பனிக்கட்டி விரிந்து பிளந்த இஞ்சின் உடம்பின் வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கியது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம்கூட வரவில்லை. கை விறைத்திருந்தது. மனமும் அப்படித்தான்.

"ட்ராக்டர் ஓட்டினவனிட்டைக் கமியோனைக் குடுத்தது என்ரை பிழை. தண்ணியை விட்டு இஞ்சினை வெடிக்க வைச்சிட்டான்." கடை கடையாக இதைத்தான் சொன்னீர்கள். வேலை கேட்டுப் போன இடமெல்லாம் இதே வசனம் எனக்கு முன்னால் போய் நின்றது. ஆர்ஜொந்தெயில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவப் போனேன். இன்றும் கழுவுகிறேன். ஓட்டுநர் அட்டை சட்டைப் பையில் சும்மா கிடக்கிறது.

இந்தச் சனிக்கிழமை மத்தியானம், கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது வருவேன். சத்தம் போடமாட்டேன். ஒரு கேள்விதான். தண்ணீர் விடச் சொன்னது யார்? அத்தனை பேருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்.