நடந்து போனவளை ஆட்டோவில் ஏற்றிய ஊர்

மணமேல்குடிக்குப் பக்கத்தில், கடலுக்கும் வயலுக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. மூன்று வருஷத்துக்கு முன்னால், நோன்புப் பெருநாள் முடிந்த சில வாரங்களில் நடந்தது இது. உள்ளங்கால் எரிகிறது என்று புதுக்கோட்டைக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். சுகர் தாறுமாறாக ஏறியிருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "தினமும் காலையில நடங்க. மூணு மாசத்துல குறையலைன்னா இன்சுலின் ஊசிதான்" என்றார்.

என்னைப் பெற்ற உம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் மாத்திரை, அப்புறம் ஊசி, கடைசியில் காலில் ஆறாத புண். பாதத்தையே எடுத்துவிட்டார்கள். அது ஊசியால் வந்ததில்லை என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். என் மனசுதான் கேட்கவில்லை. எப்பாடு பட்டாவது அந்த ஊசி வராமல் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

நடப்பது என்ன பெரிய வித்தையா என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் வந்து நடந்து பாருங்கள், தெரியும்! கடைக்குப் போகலாம், கல்யாண வீட்டுக்குப் போகலாம். சும்மா நடப்பதற்காக ஒரு பொம்பளை நடப்பது என்கிற வழக்கமே இங்கே கிடையாது. முதல் நாள் நாலு தெரு தாண்டுவதற்குள் ஓர் ஆட்டோ வந்து பக்கத்தில் நின்றது. ஓட்டுகிற தம்பி பக்கத்துத் தெருக்காரர், அக்கா முறை வைத்து என்னை லாத்தா என்று கூப்பிடுவார்.

"லாத்தா, எங்கிட்டு போறீங்க? ஏறுங்க."

"எங்கிட்டும் போகலப்பா. சும்மா நடக்குறேன்."

"ஆட்டோ இருக்கையில நீங்க நடந்து போனா எனக்கில்ல அசிங்கம்? காசெல்லாம் வேணாம், ஏறுங்க."

மறுத்தால் மனசு சங்கடப்படுவார். ஏறிவிட்டேன். நடக்கப் போனவள் வீட்டு வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கினேன்.

ஊர் வாயை மூட உலை மூடி இல்லை என்பார்கள். மறுநாளே குவைத்திலிருந்து என் வீட்டுக்காரர் பதறிப்போய்ப் போன் செய்தார். விடிந்ததும் விடியாததுமாக உங்கள் வீட்டம்மா வேகவேகமாக எங்கேயோ போகிறார், வீட்டில் ஏதும் சண்டையா என்று யாரோ வாட்ஸ்அப்பில் அவரிடம் கேட்டிருக்கிறார்கள்!

சுகருக்காக நடக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகலாமே என்று தோன்றும். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். அது சுகர் வீடு என்று பேர் வந்துவிடுமோ என்ற பயம் எனக்கு. அதனால் ஒரு தந்திரம் செய்தேன். தினமும் ஊர்க்கோடியில் யாராவது தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போய் நலம் விசாரித்துவிட்டுத் திரும்புவது. கேள்வி நின்றது. ஆனால் டீ வந்தது. வாசல் வரைக்கும் வந்துவிட்டு வாய் நனைக்காமல் போகலாமா? சீனி தூக்கலாக ஒரு டீ, கூடவே இரண்டு பிஸ்கட். போகிற வழியில் ஒரு வீட்டிலும் வருகிற வழியில் ஒரு வீட்டிலும் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள்.

மூன்று மாதக் கெடுவில் பாதி கழிந்ததும் டாக்டரிடம் போனேன். சுகர் முன்னைவிட ஏறியிருந்தது! நான் விஷயத்தைச் சொன்னதும் மனிதர் முதலில் சிரித்தார். பிறகு ரிப்போர்ட்டை இன்னொரு தரம் பார்த்தார், சிரிப்பு போய்விட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வழியெல்லாம் அழுதேன்.

மறுநாள் காலை, கண்மாய்க் கரையை ஒட்டி இருக்கும் விவசாயக் குடும்பத்து அக்கா வழக்கம்போலக் கையைப் பிடித்து இழுத்து டீ டம்ளரை நீட்டினார். நான் உடைந்துவிட்டேன். உம்மா கால் முதல் ஊசி வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்த அக்கா என் டம்ளரை வாங்கி, தன் டம்ளர் டீயையும் சேர்த்து வாழைக்குப் போகும் வாய்க்காலில் ஊற்றினார்.

"எனக்கும் சுகருதாங்க. வீட்டுல டீயே தரமாட்டாங்க. ஒங்களுக்குப் போடுற சாக்குலதான் நானும் தெனம் ஒண்ணு குடிச்சேன்!"

இருவரும் கண்ணீரோடு விழுந்து விழுந்து சிரித்தோம். இனிமேல் ஒளிப்பதில்லை என்று அன்றைக்கே பேசிக்கொண்டோம்.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கும். அக்கா தன் மகளிர் குழுவில் பேச, நான் எங்கள் பெண்கள் மதரசாவில் பேச, ஒருத்தி வாயைத் திறந்ததும் அடுத்தவளும் திறந்தாள். வீட்டுக்கு வீடு சுகரும் பிரஷரும் மறைந்துதான் கிடந்தன; இனி என் வீட்டை மட்டும் சுகர் வீடு என்று யார் சொல்வது? பஞ்சாயத்துத் தலைவர், ஜமாஅத்தார், கோயில் கமிட்டிக்காரர்கள் மூன்று தரப்பும் கூடி ஒரு முடிவெடுத்தார்கள். விடியற்காலைத் தொழுகை முடிந்ததிலிருந்து பள்ளிக்கூட வேன் வரும் வரைக்கும் கண்மாய்க் கரை நடப்பவர்களுக்கு மட்டும். வண்டி வரக்கூடாது, லிப்ட் கொடுக்கக்கூடாது, யாரையும் டீக்குக் கூப்பிடக்கூடாது! இளவட்டங்கள் இறங்கிக் கரையை அடைத்துக் கிடந்த கருவேல முள்ளை வெட்டினார்கள். பஞ்சாயத்தில் லைட் போட்டார்கள். பள்ளிவாசல் மைக்கிலும் சொன்னார்கள், கோயில் மைக்கிலும் சொன்னார்கள்.

முதல் நாள் காலையில் யாருமே வராவிட்டால் என்ன செய்வது என்ற யோசனையோடு போனேன். கரையில் ஏறிப் பார்த்தால் கூட்டம்! புர்காவுக்குக் கீழே மகன் துபாயிலிருந்து அனுப்பிய வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு ஒருவர், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு புருஷனின் செருப்பில் ஒருவர், ஏலத்துக்குப் போகும் முன் ஒரு சுற்றுச் சுற்ற வந்த மீன்கார அம்மாக்கள். ஆட்டோத் தம்பி தன் வண்டியைக் கரைக்குக் குறுக்கே நிறுத்தி வழியை மறித்திருந்தார்.

"இன்னைக்கு யாரு கெஞ்சினாலும் ஏத்தமாட்டேன். நடங்க, நடங்க!"

எனக்குச் சின்னப் பிள்ளை மாதிரி ஓட வேண்டும்போல இருந்தது. கொஞ்ச தூரம் ஓடியும் விட்டேன்!

கெடு முடிந்து புதுக்கோட்டைக்குப் போனபோது அக்காவும் கூட வந்தார். டாக்டர் ரிப்போர்ட்டைப் பிரிக்கையில் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நல்லாக் குறைந்திருக்கிறது, இப்போதைக்கு ஊசி வேண்டாம், நடையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார் டாக்டர். அக்கா அங்கேயே போனை எடுத்து கூட நடப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வாய்ஸ் அனுப்ப, பஸ் ஸ்டாண்டு வந்து சேர்வதற்குள் என் போன் விடாமல் அடித்தது. பேசியவர்கள் எல்லாரும் தங்களுக்கே சுகர் குறைந்துவிட்ட மாதிரி கத்தினார்கள்.

உடம்பு நம்முடையது, அதைத் தனியாகத்தான் தூக்கிச் சுமக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஒரு மனுஷி நடப்பதற்கே ஊர் முழுக்க நகர்ந்து வழிவிட வேண்டியிருக்கிறது என்பதும், வாய் திறந்து கேட்டால் ஊர் நகரவும் செய்யும் என்பதும் தினமும் கண்மாய்க் கரையில் ஏறும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருகின்றன.