வலது கைச் சோறு

அறுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். சேலம் அஸ்தம்பட்டியில், ஏற்காடு சாலையை ஒட்டியிருந்த ஒரு மருத்துவமனையில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபது வயது. தொழில்வழிச் சிகிச்சை உதவியாளர் பயிற்சியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

விபத்தில் விரல் போனவர்களுக்கும், ஒரு பக்கம் விளங்காமல் போனவர்களுக்கும், பொத்தான் போடவும் தலை வாரவும் தண்ணீர் மொள்ளவும் மறுபடி பழக்கிக் கொடுக்கிற வேலை. இதை எங்கள் அப்பாவால் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது கேட்பார்கள், பெண் ஊசி போடுவாளா என்று. போடமாட்டாள். மருந்து கலக்குவாளா? அதுவும் இல்லை. கடைசியில் அவர், ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்பதோடு நிறுத்திக்கொள்ளப் பழகிவிட்டார். மணி கோப்பதும் மரக்குச்சிகளைத் துளையில் செருகுவதுமாக இருந்த எங்கள் அறைக்கு நோயாளிகள் வைத்த பெயர் ‘வெளையாட்டு ரூம்’.

அந்த அறைக்குத்தான் அவள் வந்தாள். பரமத்தி வேலூர்ப் பக்கத்துக் குடியானவப் பெண். என்னைவிட இரண்டு வயது மூத்தவளாக இருப்பாள். வெல்லம் காய்ச்சும் ஆலையில், உருளைக்குள் கரும்பு கொடுக்கும்போது வலது கையும் கூடப் போய்விட்டது. நான்கு விரல்கள் அடியோடு இல்லை. கட்டைவிரல் மட்டும், பக்கத்தில் யாருமில்லாத வீட்டைப் போல, தனியாக நின்றது. வீட்டில் எட்டு மாதக் கைக்குழந்தை, பெண் குழந்தை, மாமியார் பொறுப்பில்.

நான் அவளுடைய இடது கையைப் பழக்கத் தொடங்கினேன். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: போன கை போனதுதான், இருக்கிற கையை வலது கையாக்கு. அவள் கற்றுக்கொண்ட வேகம் இருக்கிறதே! பத்தே நாளில் இடது கையால் தலை வாரினாள், முடிச்சுப் போட்டாள், குடத்தைச் சாய்த்தாள், வார்டு வாசலில் ஒரு கோலமே போட்டுவிட்டாள். நான் அந்தக் கோலத்தை என் கோலம் போல எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

சோறு மட்டும் அவள் சாப்பிடவில்லை. தட்டு வந்தால் பக்கத்துக் கட்டிலுக்கு நகர்த்திவிடுவாள். ராகிக் கூழும் பாலும் டம்ளரில் வந்தால் இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பாள். அவ்வளவுதான். உடம்பு இளைத்தது. புண் ஆறவில்லை. இப்படியே போனால் இருக்கிறபடிக்கு ஊருக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் அவளுடைய சிகிச்சை அட்டையை எடுத்து, ‘ஒத்துழைப்பதில்லை’ என்று எழுதினேன். எழுதிவிட்டு, ஏதோ நியாயம் செய்துவிட்டதுபோல மூடியும் வைத்தேன்.

மறுநாள் நடுப்பகல், தட்டோடு அவள் எதிரில் உட்கார்ந்தேன். சாப்பிடு என்றேன். தட்டை என் பக்கமே நகர்த்தினாள். வாழ்நாள் முழுக்க இன்னொருவர் ஊட்டிவிட வேண்டுமா என்று கேட்டேன். பொறுமை போய், அவளுடைய இடது கையைப் பிடித்துச் சோற்றில் வைத்தேன். அவள் கையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. வேறு யாருடைய கையோ தன் தட்டில் கிடப்பதைப்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“புள்ளைக்கு அடுத்த மாசம் மொதச் சோறு ஊட்டோணுங்க, நர்சம்மா. நான் இந்தக் கையில திங்கப் பழகீட்டேன்னா, அப்பறம் அவளுக்கும் இந்தப் பீச்சாங்கையிலதானுங்களே ஊட்டோணும்? அதுக்கு எங்க அத்தையே ஊட்டிக்கட்டும். நான் என்னத்துக்குங்க அந்த ஊட்டுக்குப் போறது?”

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. படித்த பதில். சோப்புப் போட்டுக் கழுவினால் இரண்டு கையும் ஒன்றுதான் என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வழி கேட்கிறவர்கள் கேட்பார்களே, அந்த மாதிரி, குத்தல் ஒன்றும் இல்லாமல் கேட்டாள்.

“நீங்க அந்தக் கையில தின்னு பாத்திருக்கீங்களா?”

அன்று விடுதிச் சாப்பாட்டு அறையில், முள்ளங்கிச் சாம்பார். நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு வலது கையை மடியில் வைத்துக்கொண்டேன். இடது கையைக் கார்பாலிக் சோப்பால் இரண்டு முறை கழுவி வந்திருந்தேன். பிசைந்தேன். எடுத்தேன். பக்கத்தில் இருந்தவள் தன் தட்டைத் தள்ளி வைத்துக்கொண்டாள். எதிரில் இருந்தவள், “என்னடி, சோத்துக் கைக்கு லீவு குடுத்திட்டியா?” என்றாள். சிரிப்பு எழுந்தது. அதுகூடப் பரவாயில்லை. உதடு வரை வந்த கைக்கு என் வாய் திறக்கவில்லை. திற என்று சொல்கிறேன், திறக்கவில்லை. எந்தப் புத்தகத்துக்கும் கட்டுப்படாத ஏதோ ஒன்று எனக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பத்து விரலும் உள்ள நான், ஒரே ஒரு வாய், அதுவும் விளையாட்டுக்கு. என்னால் ஆகவில்லை. இதைத்தான் அவளிடம் தினம் மூன்று வேளை கேட்டேன். மறுத்ததற்கு அட்டையில் பெயரும் வைத்தேன்.

கூச்சத்தோடு வலது கைக்கு மாறினேன். வேகமாகச் சாப்பிட மனம் வரவில்லை. அதனால்தான் பார்த்தேன், பிறந்ததிலிருந்து செய்துவந்தும் பார்க்காத ஒன்றை. சோறு உண்ணும்போது நான்கு விரல்களும் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. சேர்ந்து குவிந்து ஒரு கிண்ணமாக நிற்கின்றன, அவ்வளவே. சோற்றை ஒதுக்குவது, அழுத்துவது, வாய்க்குள் தள்ளுவது எல்லாம் கட்டைவிரல். அவளிடம் கட்டைவிரல் இருக்கிறது. இல்லாதது கிண்ணம்.

பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடினேன். எங்கள் அறைக்குப் பலகையும் குச்சியும் செய்து தரும் தச்சர் ஒருவர் இருந்தார். கொட்டாங்குச்சியில் ஒரு துண்டு வெட்டி, விரல் குவிந்த மாதிரி வளைவாக, உள்ளங்கையோடு கட்டுகிற மாதிரி வேண்டும் என்றேன். அவர் என்னையும் என் கையில் காய்ந்திருந்த சாம்பாரையும் பார்த்தார். “கொட்டாங்குச்சியில அகப்பை செஞ்சிருக்கேன், வெரல் செஞ்சதில்லம்மா” என்றார். ஆனாலும் செய்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் தடவி, ஓரத்தில் துளையிட்டு, நல்ல தோல்வார் கோத்து, மினுமினுவென்று கொடுத்தார்.

நான் பெருமையோடு கொண்டுபோய் அவள் கையில் கட்டப்போனேன். அவள் வாரை மோந்து பார்த்தாள். முகம் சுருங்கியது. பிறகு, வந்த நாளிலிருந்து முதல்முறையாக, வாய்விட்டுச் சிரித்தாள். “ஏனுங்க, சோத்துக் கையில போயிச் செருப்பு வாரைக் கட்டறீங்களே!”

அவளைக் கேட்காமல், ஒரே வாரத்தில் ஒரே மாதிரித் தவறு இரண்டு தடவை. தோலை அவிழ்த்தெறிந்துவிட்டு, தினமும் துவைத்துக் கட்டும்படி துணி நாடா தைத்தேன். பள்ளம் அதிகம், சோறு ஒட்டுகிறது என்றாள். தச்சர் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு முறை இழைத்துக் கொடுத்தார். முதலில் பொரி. பிறகு அவல். நான்காம் நாள் தயிர்ச் சோறு. முதல் வாய்க்கு முன்னால், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளச் சொன்னாள். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். சேர்வராயன் மலை நீலமாக இருந்தது. எனக்குப் பின்னால் ஒருத்தி மெல்லுகிற சத்தம். எந்தப் பாட்டையும் நான் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் சென்னையில் படித்து வந்த அம்மையார், கண்டிப்பானவர். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கையைப் பிடித்துச் சோற்றில் வைத்ததையும் மறைக்காமல். திட்டுவார் என்று நின்றேன். அவர் அந்த அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, “நானும் தின்னு பார்த்ததில்லை” என்றார். பேனாவை என்னிடம் நீட்டினார். அந்த வார்த்தையை நானே அடித்தேன்.

புண் ஆறிய பிறகு ஊருக்குப் போனாள். போகும் அன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் மாமியாரும் வந்திருந்தார். இங்கேயே ஒரு வாய் ஊட்டிக் காட்டேன் என்று ஆசையாகக் கேட்டேன். மாமியார் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலில்தான் ஊட்ட வேண்டும், ஆஸ்பத்திரியில் ஆகாது என்று அவள் சொல்லிவிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று. வாரேனுங்க என்றாள், போய்விட்டாள். ஊட்டினாளா, ஊட்ட விட்டார்களா? ஒரு மாதம் எனக்கு அதே நினைப்பு. மணி கோத்துக் கொடுக்கும்போதும் அதே.

கையைக் காட்ட வந்தாள், வைகாசியில். வணக்கம்கூடச் சொல்லவில்லை. மடியிலிருந்து கொட்டாங்குச்சியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். உள்பக்கம் முழுக்க மஞ்சள் ஏறியிருந்தது, குழம்பில் நாள்தோறும் புழங்கிய விரலில் ஏறுமே, அந்த மஞ்சள். விளிம்பைப் பாருங்கள் என்றாள். பார்த்தேன். சின்னச் சின்னதாக, பொடிப் பொடியாக, இரண்டு கீறல்கள்.

“பல்லு மொளச்சிருச்சுங்க. சோத்த உட்டுப்போட்டு இதையில்ல கடிக்கறா.”

பயிற்சி முடித்து, இத்தனை வருடங்களில் எத்தனையோ பேர் கைகளைத் தொட்டுப் பழக்கியிருக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு கையையும் பிடிப்பதற்கு முன்னால் என் கை ஒரு கணம் தயங்கி, அனுமதி கேட்பதுபோல நிற்கிறது, அந்தத் தயக்கம் அவள் எனக்குக் கொடுத்தது, அதற்கு இன்னும் அவளுக்கு நான் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.