தறி இல்லாத படம்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரர், அவருடைய மனைவி, ஃபால்ஸ் சீலிங் போடும் பாய், எங்கள் அலுவலக இன்ஜினீயர், நான். போன வருடம் ஆடி மாதம், காலை பதினொரு மணி இருக்கும். காஞ்சிபுரத்திலிருந்து முசரவாக்கம் போகும் வழியில், பெயின்ட் வாசனைகூடப் போகாத, ஒரு நெசவுக் குடும்பத்தின் புது வீடு.

நான் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள். அப்புறம் பத்து வருடம் வீட்டுத் தறியில் உட்கார்ந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வீட்டுப் படம் வரையும் சாஃப்ட்வேரைக் கற்றுக்கொண்டு, ஒரு இன்ஜினீயரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் டிப்ளமோ, பி.இ. என்ன நினைப்பார்களோ என்று தறியைப் பற்றி அங்கே வாயே திறந்ததில்லை. எனக்குப் பயந்த சுபாவம். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்க்கிறவள்.

அந்த வீட்டுக்கு சீலிங் பிளான் வரைந்தது நான்தான். தரை முழுக்கக் கண்ணாடியை விரித்துக் குனிந்து பார்த்தால், தலைக்கு மேலே இருப்பதெல்லாம் எப்படித் தெரியுமோ அப்படி வரைகிற படம் அது. விளக்கு எங்கே, ஃபேன் எங்கே, ஃபால்ஸ் சீலிங் எவ்வளவு உயரம் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். சாஃப்ட்வேரில் உயரத்தை ஒரு தடவை கொடுத்துவிட்டு ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு க்ளிக் செய்தால் போதும், சீலிங் தானாக வந்துவிடும். ஒன்பது அடி என்று கொடுத்தேன். ஹால், இரண்டு படுக்கை அறை, சாப்பாட்டு அறை, தறி அறை. ஐந்தே க்ளிக்.

மற்ற அறைகளுக்குக் கட்டில், சோபா, மேஜை எல்லாம் சாஃப்ட்வேரிலேயே தயாராக இருந்தன. எடுத்து வைத்திருந்தேன். அதில் தறி என்று ஒன்று கிடையாது. அதனால் தறி அறை படத்தில் காலியாகவே கிடந்தது. காலி அறைக்கு எப்படி விளக்கு வைப்போம்? மூலைக்கு ஒன்றாகச் சம தூரத்தில் நான்கு விளக்கு வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. அளவுகளை மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை.

வேலை தொடங்கிய அன்று பாய் போன் செய்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். "அக்கா, கடைசி ரூமுக்கும் ஒன்பதடிதானா?" என்றார். யாராவது கேள்வி கேட்டாலே எனக்குப் படபடப்பு வந்துவிடும். "படத்துல இருக்கிறபடி போடுங்க பாய்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சீலிங் முடிந்ததும் எங்களைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். தறிக்காக வெட்டியிருந்த குழியின் விளிம்பில் வீட்டுக்காரரின் மனைவி உட்கார்ந்து, காலை உள்ளே தொங்கவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்மா, இந்த லைட்டெல்லாம் எனக்குப் போட்டீங்களா, ஜக்கார்டு பெட்டிக்குப் போட்டீங்களா? பெட்டிக்குக் கண்ணு கெடையாதும்மா."

சேலையின் டிசைனுக்கு இழைகளைத் தூக்கிக் கொடுக்கிற அந்தப் பெட்டி, தறியின் உச்சியில் உட்காரும். வெளிச்சம் அதன்மேல் விழுந்தால் நெய்கிற இடத்தில் நிழல்தான் விழும்.

"லைட்ட விடு. பெட்டியே எங்க ஏறும்?" என்று வீட்டுக்காரர் டேப்பை நீட்டினார். "பத்தடியாவது வேணும்னுதான் தளத்தைப் பதினோரு அடிக்குத் தூக்கிக் கட்னேன். இவுங்க ஒன்பதுல மூடி வெச்சிக்கினு நிக்கிறாங்க."

பத்து வருடம் அந்தப் பெட்டிக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தவள் நான்.

இன்ஜினீயர் பாயைப் பார்த்தார். "என்ன பாய், குழி வெட்டி வெச்சிருக்குது, கண்ணுக்குத் தெரியல? கேக்கக் கூட மாட்டீங்களா? பிரிச்சி உங்க செலவுல சரி பண்ணிக் குடுங்க."

பாய் சட்டைப் பையிலிருந்து படத்தை எடுத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிரிக்காமலே அதை மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டார். "சரி சார்" என்றார். அவ்வளவுதான்.

நான் பேசவில்லை. பேசினால் வேலை போய்விடும், ஒன்பதாவது படித்தவளை எவன் வரையச் சொன்னான் என்று கேட்பார்கள், இதுதான் மனதில் ஓடியது. பாய் ஏணியில் ஏறி மிஷினால் ஸ்குரூக்களைக் கழற்ற ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே நின்றேன். நான்காவது ஸ்குரூ கீழே விழுந்து குழிக்குள் உருண்டது.

"சார், அவரு கேட்டாரு. நான்தான் போடச் சொன்னேன். படத்துலயே தப்பு."

மிஷின் சத்தம் நின்றது. வீட்டுக்காரரின் மனைவிதான் முதலில் பேசினார். "தறி ரூம் எப்படி இருக்கும்னு தெரியாதாம்மா ஒனக்கு?"

"தெரியும்க்கா. பத்து வருஷம் நெய்தேன்."

"பத்து வருஷமா!" அவர் சிரித்துவிட்டார். "தெரியாதவ செஞ்சாகூட சரிங்கலாம். வா, இங்க வந்து குந்து. லைட்டு எங்க வரணும்னு நீயே சொல்லு."

குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தேன். கை தானாக, குறுக்கு இழை ஓட்டும் நாடாவைத் தள்ளுகிற இடத்துக்குப் போனது. பெட்டிக்கு இந்தப் பக்கம், என் தலை நிழல் விழாமல், வலது கைக்கு நேரே ஒன்று, இடது கைக்கு நேரே ஒன்று. பாய் ஏணியிலிருந்து இறங்கி வந்து, இரண்டு இடத்தையும் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டுக் குறித்துக்கொண்டார்.

திரும்பி வந்ததும் இன்ஜினீயர் அலுவலக வாசலில், "மூணு வருஷமா இருக்கியேம்மா, தறி தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நாளைக்கு மொதல் வேலையா தறியை வரைஞ்சி வை" என்றார். பாயிடமும் போனில் வருத்தம் சொன்னார். மறுநாள் குழி, சட்டம், பெட்டி, உயரம் எல்லாம் சேர்த்து ஒரு தறி வரைந்தேன். இப்போது நெசவு வீடு எது வந்தாலும் அதைத்தான் முதலில் வைக்கிறோம். சீலிங் அப்புறம்தான்.

பொருள் செலவை அலுவலகம் ஏற்றுக்கொண்டது. பாயின் இரண்டு நாள் கூலி இரண்டாயிரத்து அறுநூறை நான் தருகிறேன் என்றேன். மாதம் ஐந்நூறாக நான்கு மாதம் வாங்கிக்கொண்டவர், கடைசித் தொகையை மட்டும் வாங்க மாட்டேன் என்கிறார். "அது அங்கியே இருக்கட்டும்க்கா. இருந்தாதான் நான் போன் பண்ணா நின்னு பதில் சொல்லுவீங்க" என்கிறார்.

இப்போது யார் என்ன கேட்டாலும் படத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் பதில் சொல்கிறேன். நான்கு ஸ்குரூ கழலும் வரை வாயை மூடிக்கொண்டு நின்றதற்கு, அவருக்கு நான் இன்னும் தர வேண்டியது அறுநூறு ரூபாய்.