நேராகக் காட்டிய திரை

அந்தச் சின்ன விமானக் கொட்டகையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் எவருமில்லை, எல்லோருக்கும் கரண்ட்டக்காதான். கருவிகளைப் பழுது பார்ப்பவள், தொட்டால் அடிப்பவள், இரண்டுக்கும் சேர்த்து வைத்த பெயர். மூன்று பெண்களில் மூத்தவள். நடுவில் பிறந்தவள் தூரதேசத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள், அவள் கதை இங்கே வேண்டாம். கடைக்குட்டிக்குத் தலை வாரி, பேன் பார்த்து, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் வளர்த்தது இவள்.

கோபம் அவளோடு கூடவே பிறந்ததில்லை. கல்யாணமாகி வருஷம் திரும்புமுன் பிறந்த வீட்டுக்கு வந்தாளே, அப்போது வந்தது. திமிர் பிடித்தவள், புருஷன்மேல் கையை ஓங்குகிறவள் என்று சொந்தத்தில் வாய்க்கு வாய் ஒரே பேச்சு. "இத்தனை பேரா பொய் சொல்வாங்க?" என்று கேட்டவர் பெற்ற அப்பா. நாத்தனார், ஓரகத்தி, பெரிய மாமனார், அவர் சம்பந்தி, அத்தனை பேரும் மாமியார் ஒருத்தி சொல்லக் கேட்டவர்கள். நேரில் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. அதைச் சொன்னால் காது கொடுக்க ஆளில்லை. அன்றைக்கு ஏறிய சூடு இறங்கவேயில்லை.

கடைக்குட்டியின் புருஷன் விமானி. ஆறு பேர் உட்காரும் விமானம் ஓட்டுவான். தேனாகப் பேசுவான், வீட்டில் எல்லோருக்கும் செல்லம், இவளைத் தவிர.

அன்று காலை மேகம் கொட்டகைக் கூரைமேல் குந்தியிருந்தது. மருந்துச் சரக்கு ஏற்றியாயிற்று. விமானி இருக்கையில் அவன், பக்கத்தில் கடைக்குட்டி, மடியில் பை. கரண்ட்டக்கா கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டினாள். எதிரிலிருந்த இரண்டு திரையிலும் விமானத்தின் சாய்வைக் காட்டும் கோடு நேராக, சாந்தமாக நின்றது.

"ரெண்டும் ஒத்துக்கலைன்னு மஞ்சள் எழுத்து வருது, காலைல வந்து பாருங்கன்னு நேத்து சொன்னீங்களே மாப்பிள்ளை. எங்க அது?"

"போயிடுச்சுக்கா. நானே சரி பண்ணிட்டேன்."

"எப்படி?"

"வலது கருவிப் பெட்டி சாய்வாக் காட்டிச்சு. இடது பெட்டி நேராக் காட்டிச்சு. ரெண்டு திரையையும் இடதுக்கே மாத்திட்டேன். பாருங்க, இப்ப ரெண்டும் ஒத்துமையா இருக்கு. உங்களுக்கும் ஒரு வேலை மிச்சம்."

அவளுக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. மேகத்துக்குள் போய்விட்டால் வானம் எது, பூமி எது என்று கண்ணுக்குத் தெரியாது. எந்தப் பக்கம் சாய்கிறோம், எந்தத் திசையைப் பார்க்கிறோம் என்று சொல்வதற்குத்தான் அந்தப் பெட்டிகள். உள்ளே ஒரு உணர்கருவி கெட்டால் பெரும்பாலும் பெட்டியே கண்டுகொண்டு, திரையில் சிவப்பில் பெருக்கல் குறி போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளும். திசைகாட்டி மட்டும் கெட்டால், சாய்வைச் சொல்கிறேன், திசைக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிடும். அந்த மட்டுக்கும் யோக்கியமான பெட்டிகள். தான் கெட்டது தெரியாமலே பேசிக்கொண்டிருக்கும் பெட்டிதான் ஆளைக் கொல்லும். அதைப் பிடிக்கத்தான் இரண்டையும் ஒப்பிட்டு மஞ்சள் எழுத்துப் போடுவது. எது பொய் என்று மஞ்சள் எழுத்து சொல்லாது, மனுஷன்தான் பார்க்கவேண்டும். மூன்றாவதாகச் சாய்வு காட்ட ஒரு குட்டி முள்கருவி உண்டு, எஞ்சின் ஓடினால்தான் அதற்கு உயிர்.

"நேத்து வண்டியை எங்க நிறுத்தினீங்க?"

"அதோ, அந்த ஓரத்துல."

ஒரு சக்கரம் சிமென்ட் தரையில், மற்றது மண்பள்ளத்தில் இறங்கி நின்ற இடம். காலையில்தான் டிராக்டர்காரர் விமானத்தைச் சமதரைக்கு இழுத்து வந்திருந்தார்.

"வண்டியே சாஞ்சு நின்னுச்சு! சாய்வுன்னு சொன்னதைப் பழுதுன்னுட்டு, நேருன்னு புளுகினதை நம்பினீங்களா? ஒரே வாய் ரெண்டு காதுல ஓதினா அது ரெண்டு சாட்சியா?"

"ஐயோ அக்கா, ஆரம்பிச்சுட்டியா?" என்றாள் கடைக்குட்டி. "இவர் எதைச் செஞ்சாலும் உனக்குக் குத்தம். என் கல்யாணத்துலயே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னவதானே நீ!"

"உன் கல்யாணச் சாப்பாட்டுல உப்பில்லை, அதுக்குத் தூக்கினேன். இப்ப இறங்குடி கீழ!"

"இறங்க மாட்டேன்."

"சமதரையில நேராத்தானே காட்டுது? கெட்டிருந்தா கோணலாக் காட்டாதா?" என்று சிரித்தான் அவன்.

"சரி. ரெண்டு பேரும் கண்ணைத் திரைல வையுங்க. எஞ்சினைத் தொட்டா கையை ஒடிப்பேன்."

வால்பக்கம் போய் டிராக்டர்காரரைக் கூப்பிட்டாள். "அண்ணே, வாங்க. அமுக்குங்க."

"கரண்ட்டக்கா சொன்னா அமுக்காம இருக்க முடியுமா? அடிச்சிடுமே" என்றபடி அவரும் வந்தார். வால்தகடு நசுங்காதபடி அடியில் சட்டம் ஓடும் இடமாகப் பார்த்து இருவரும் உள்ளங்கையை ஊன்றி முழு பாரத்தையும் போட்டார்கள். முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பியது. மூக்கு மேகத்தைப் பார்த்தது. மடியிலிருந்த பை நழுவிப் பின்னால் உருண்டது. உட்கார்ந்திருந்தவர்கள் முதுகோடு இருக்கையில் சாய்ந்துபோனார்கள்.

"இப்ப என்ன காட்டுது?" என்று கத்தினாள்.

உள்ளே இரண்டு தலைகளும் திரையை நோக்கி நீண்டன.

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லுங்க!"

"நேராக் காட்டுதுக்கா" என்றாள் கடைக்குட்டி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "ரெண்டுமே நேராக் காட்டுது."

"ஒரு திரையை வலது பெட்டிக்கு மாத்தச் சொல்லு."

மாற்றினான். அந்தத் திரையில் கோடு சரசரவென்று கீழே இறங்கியது. மூக்கு மேலே இருக்கிறது என்று அது ஒன்றுதான் உண்மை சொன்னது. மஞ்சள் எழுத்தும் திரும்ப வந்து உட்கார்ந்தது.

கீழே இறங்கியபோது அவன் முகத்தில் ரத்தமில்லை. ஆனாலும் நாக்கு பழைய நாக்குதான். "நல்ல வேளை அக்கா. நீங்க தெய்வம். இதை மட்டும் முதலாளி காதுல போட்டுடாதீங்க. நமக்குள்ளயே இருக்கட்டும்."

அதுவரை பாதிக் கோபத்தில் இருந்தவளுக்கு முழுக்கோபம் அப்போதுதான் வந்தது. அவன் செத்திருந்தால்கூட மன்னித்திருப்பாளோ என்னவோ. "நமக்குள்ளயா? நாளைக்கு இன்னொரு வண்டில இதையே செய்வீங்க, அன்னைக்கு வாலைப் பிடிச்சு அமுக்க நான் இருப்பேனா?"

நேரே முதலாளி அறைக்குப் போனாள். ஒளிவுமறைவில்லாமல், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னாள். அவன் வேலை போயிற்று. பிறகு எங்கோ சரக்குக் கிடங்கில் சேர்ந்தான் என்று கேள்வி. புருஷன் சோற்றில் மண்ணைப் போட்டவள் என்று கடைக்குட்டி வாசற்படி மிதிப்பதை நிறுத்தினாள். சொந்தத்தில் மறுபடியும் வாய்க்கு வாய் பேச்சு கிளம்பியது.

ஒரு நாள் டிராக்டர்காரர் கேட்டார், "தங்கச்சி இன்னமும் பேசறதில்லையாம்மா?"

"பேசாட்டி போறா" என்று ஸ்பேனரை மேசையில் அறைந்தாள் கரண்ட்டக்கா. "கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருக்க ஆள் உயிரோட இருக்காளே. ஆயுசு பூரா இருந்து கோவிச்சுக்கட்டும்!"