நிரம்பாத கடைசிப் பெட்டி

அந்த நீலப் பிளாஸ்டிக் அட்டை இன்னும் என் கைப்பையில் கிடக்கிறது. சாவியைத் துழாவும்போதெல்லாம் விரலில் தட்டுப்படும். அன்றைய நிம்மதி போய்விடும். ஒரகடத்தில் நான் வேலை செய்யும் இறால் கிடங்கில், பெட்டிக்குப் பெட்டி இப்படி ஓர் அட்டை கட்டுவோம். எந்தப் பண்ணை, எந்தக் குளம் என்று வெளிநாட்டில் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டுமாம். அதனால் ஒரு பண்ணைச் சரக்கு முடிந்தால் கடைசிப் பெட்டி அரையாக இருந்தாலும் அப்படியே மூடிவிட வேண்டும்.

அதில் எங்களை விரட்டி வேலை வாங்கியவர் எங்கள் சூப்பர்வைசர் அக்கா. கான்ட்ராக்டர் மூலம் வந்தவர், பிள்ளைப்பாக்கத்தில் வாடகை அறை. அதற்கு முன் வடக்கே ஏதோ கடலோரக் குப்பத்தில் கூடை சுமந்து மீன் விற்றவராம். "அரையா போனா பொட்டி இன்னா அழுவுமா?" என்பார். அப்படிப்பட்டவரே ஒருநாள், அடுத்த லாரி ஹாரன் அடித்து உயிரை எடுத்த அவசரத்தில், அடுத்த பண்ணை இறாலை இரண்டு கை அள்ளி அரைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டார். குறைத்துக் கொடுத்துப் பழகாத கை. யாரும் கவனிக்கவில்லை.

கப்பலேறும் முன் நடந்த பரிசோதனையில் அந்தப் பெட்டியில்தான் தடைசெய்த மருந்து அகப்பட்டது. அட்டையில் பெயர் இருந்த பண்ணைக்காரரை வரவழைத்து, இனி உங்கள் சரக்கே வேண்டாம் என்றார் மேனேஜர். "மருந்தே போடலைங்க" என்று அந்த மனிதர் அழாக்குறையாக நின்றார். அக்கா கையுறையைக் கழற்றினார். பெட்டியிலிருந்து அட்டையைப் பிய்த்து மேசைமேல் வைத்தார்.

"அவரை வுட்டுடு சார். நான்தான் ரொப்பினேன். ரெண்டு பண்ணையும் கலந்து கீது."

இரண்டு பண்ணையையும் சோதித்ததில் மருந்து போட்டவர் மற்றவர் என்று தெரிந்தது. மறுநாள் அக்கா வேலைக்கு வரவில்லை, கான்ட்ராக்டர் நிறுத்திவிட்டார். மேசையில் கிடந்த அட்டையை நான் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். விதியை மீறினால் வேலை போகும், அதில் தப்பில்லை என்று எனக்கே நூறு முறை சொல்லிப் பார்த்தேன். ஆத்திரம் அடங்கவில்லை.

போன வாரம், பழியிலிருந்து தப்பிய அந்தப் பண்ணைக்காரர், அக்காவுக்கென்று ஒரு பை இறாலோடு கேட்டில் வந்து நின்றார். அக்காவின் போன் அணைந்திருந்தது. அவர் இருந்த அறைக்கு ஏற்கெனவே போய்ப் பார்த்திருந்தேன், வேறு பெண்கள் இருந்தார்கள். கான்ட்ராக்டரோ, "எந்தம்மா? எத்தினியோ பேர் வந்துகினு போய்கினு கீறாங்க" என்று போனை வைத்துவிட்டார்.

"அவங்க எந்த ஊருங்க?" என்றார் பண்ணைக்காரர்.

கைப்பைக்குள் கையை விட்டேன். அட்டைதான் வந்தது. அதில் அவருடைய குளத்தின் பெயர் அழியாமல் இருந்தது.