கோழிகள் குடியேறிய அலுவலகம்

முட்டைக்காரம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அவள் வளர்த்த கோழிகளுக்குக் கால் நீளம். குப்பைமேட்டை ஒட்டிய சந்தில் கடைசி வீடு அவளுடையது. இடிந்த பின்சுவர் வழியே காலையில் கிளம்பும் கோழிகள் பொழுது சாயும்வரை மேட்டடியில் கிளறிவிட்டுத்தான் திரும்பும். அந்த மேட்டில் செம்புக்காக வயரைக் கொளுத்துவார்கள், ஈயத்துக்காகப் பழைய பேட்டரிகளை உடைப்பார்கள். மழை பெய்தால் அத்தனையும் கரைந்து சந்துக்குள் இறங்கும். அந்த மண்ணில்தான் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள்.

ஒருநாள் சுகாதார ஆய்வாளர் வந்து சோதனைக்கு முட்டை வாங்கிப்போனார். திரும்பி வந்தபோது முகம் தொங்கியிருந்தது. முட்டையில் ஈயம் இருக்கிறதாம். இனி விற்கக்கூடாது, கோழிகளைக் கொன்று புதைத்துவிட வேண்டும் என்றார். மாசமாயிருந்த மருமகளுக்கு அந்த முட்டையைத்தான் அவள் தினமும் அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கிளம்பப் போனவரை மறித்துக் கேட்டாள்.

"கோழிக்கு ஈயம் எங்கேர்ந்து சார் வந்தது?"

"மண்ணுலேர்ந்துதாம்மா."

"அப்ப மண்ண என்ன செய்யப் போறீங்க?"

அது தன் பிரிவு இல்லை என்றார் அவர்.

அன்றே முட்டை வியாபாரத்தை நிறுத்தினாள். மருமகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். மருமகள் ரத்தத்திலும் ஈயம் இருந்தது. மறுநாள் கோழிகளைக் கூடைகளில் அடைத்து, மகனின் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய், நகராட்சி அலுவலகப் புல்தரையில் திறந்துவிட்டாள். ராத்திரிக்கு அங்கேயே சைக்கிள் கொட்டகையில் அடைத்தாள். நல்ல மண்ணாகப் பார்த்துக் குடிவந்திருக்கின்றன, வாயில்லா ஜீவன்களை விரட்டாதீர்கள் என்று காவலாளியிடம் பணிவாகச் சொன்னாள். அந்த ஆபீசில் நேரத்துக்கு வேலை செய்வது விடிந்தால் கூவும் இந்தச் சேவல் ஒன்றுதான் என்று உள்ளே இருந்தவர்கள் சிரித்துக்கொண்டார்கள்.

கமிஷனர் படியிறங்கி வந்தார். அவள் கொல்லை மண்ணை மட்டும் மாற்றித் தருவதாகச் சமாதானம் பேசினார்.

"என் கொல்லைய மட்டும் மாத்தினா பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க எங்க சார் விளையாடும்? சந்து மண்ண மொத்தமா அள்ளிட்டுப் போங்க. நான் கோழிய அள்ளிட்டுப் போறேன்."

அதற்குள் ஆபீஸ் பியூன் செடி மறைவில் கிடந்த முட்டைகளைப் பொறுக்கிப் பையில் போட்டார். அவள் ஓடிப்போய்ப் பிடுங்கி, சாக்கடையில் உடைத்து ஊற்றினாள். இடம் மாறியதும் உடம்பில் ஏறிய ஈயம் இறங்கிவிடாது என்று ஆஸ்பத்திரியில் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள்.

"எங்க பிள்ளைங்க தின்னதே போதும். உங்க பிள்ளைங்களுக்கு எதுக்குங்க இது?"

அதன்பிறகு ஆபீசில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த வாரமே சந்துக்குள் லாரி வந்தது. சொன்னபடி அவளும் கோழிகளை அள்ளிக்கொண்டு வீடு திரும்பினாள்.

மண் அள்ளும் வேலை பாதியில் நின்றது. கமிஷனர் மாற்றலாகிப் போனார். மறுபடி கூடைகளைத் தூசிதட்டி எடுத்து வைத்தவள், கிளம்புவதற்குள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள்.

காரியங்கள் முடிந்ததும் மருமகள் இடுப்பில் குழந்தையோடும் கூடைகளோடும் அதே புல்தரைக்குப் போனாள். புதுக் கமிஷனர் வெளியே வந்து, என்னம்மா வேணும் என்று கேட்டார்.

"மீதிப் பாதி" என்றாள்.