நடுவில் போடாத மேட்

எண்பதுகளின் தொடக்கத்தில் மண்ணூர்ப் பக்கம் ஒரு கொட்டகையில் ஃபைபர் படகு செய்துகொண்டிருந்தோம். கடல் எங்கேயோ கிடக்க இங்கே படகா, ஏரியில் விடவா என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். நானும் சும்மா விடமாட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அச்சுக்குள் ஆளுக்கொரு பக்கமாக இரண்டு பேர் கண்ணாடி இழையை அடுக்குவோம். வலது பக்கம் நான். இடது பக்கம் பிள்ளைப்பாக்கத்திலிருந்து வரும் ஒரு பெண், சேர்ந்து ஆறு மாதம்தான். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. ரோவிங் என்பது நெய்த முரட்டுத் துணி; பலம் அதில்தான். மேட் என்பது துண்டு இழைகளால் ஆன விரிப்பு. இரண்டு ரோவிங்குக்கு நடுவே ஒரு மேட் வைத்து, ரெசின் என்ற பசையைத் தடவி உருளையால் உருட்டினால்தான் ஒன்றையொன்று பிடிக்கும், படகும் விறைப்பாக நிற்கும்.

ஒருநாள் என் பக்கம் மேட் தீர்ந்துவிட்டது. ஸ்டோருக்குப் போய் வருவதற்குள் கலந்த ரெசின் இறுகிவிடும். ரோவிங் மேலேயே ரோவிங்கைப் போட்டேன். அவள் பார்த்துவிட்டு, நடுவில் மேட் வேண்டாமா என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று எரிந்து விழுந்தேன்.

இரண்டு நாள் கழித்து, படகை அச்சிலிருந்து எடுத்துக் கவிழ்த்துவைத்து, உள்ளே சேரும் தண்ணீரை வடிக்க, மூடி போடும் ஓட்டை ஒன்று போட்டார்கள். வெட்டியெடுத்த வட்டத் துண்டு சூப்பர்வைசர் கையில் இரண்டாகப் பிரிந்து வந்தது. படகையே ஒதுக்கச் சொல்லிவிட்டு, இது யார் பக்கம் என்று கேட்டார்.

கவிழ்த்துவைத்த படகில் வலது இடமாகிவிடும்; ஓட்டை விழுந்த என் பக்கம் இப்போது இடது பக்கமாகத் தெரிந்தது. அவருக்கு அது சட்டென்று பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது.

"இடது பக்கம் சார். அந்தப் பொண்ணு போட்டது."

தான் மேட் போட்டதாக அவள் இரண்டு முறை சொன்னாள். சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். பழைய ஆள் நான், அவள் போடவில்லை என்று தலையாட்டினேன். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அவளிடம் சொன்னார். சீ, நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு என் அருகே வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டித் தொலைத்திருக்கலாம்.

"அடுத்த படகுக்காச்சும் நடுவுல மேட் போடுண்ணா. அதுல ஏறிப் போறவங்களுக்கும் வூட்ல புள்ளைங்க கீறாங்க."

போடுகிறேன் என்றேன். சூப்பர்வைசர் பத்தடி தள்ளித்தான் நின்றிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.